கையிலுள்ள குளிசையை அறிந்துகொள்வோம்

மாரி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலை வேளை. பூசை முடிந்து வெளியே வந்தபோது கோவில் விறாந்தையில் ஒரு தாய் காத்துக்கொண்டு நின்றார். கையிலே ஒரு பொலித்தீன் பை. அதற்குள்ளே அறுபது எழுபது குளிசைகள் இருக்கும். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. ஆஸ்பத்திரியில் கொடுத்த கடதாசி உறைகள் மழையில் நனைந்து கூழாகிவிட்டன. அவற்றில் எழுதியிருந்ததும் அழிந்துவிட்டது.

“சுவாமி, இதுக்குள்ளை எது என்ரை பிறசர் குளிசை, எது பேரப்பிள்ளையின்ரை குளிசை எண்டு தெரியேல்லை. நீங்கள் படிச்சனீங்கள், ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ” என்றார்.

குருமடத்தில் நான் மெய்யியலும் இறையியலும் படித்தேன். இலத்தீனும் கொஞ்சம் படித்தேன். அந்தப் படிப்பு ஒன்றும் அன்றைக்கு உதவவில்லை. எங்களோடு பணியாற்றும் தாதியாகிய அருட்சகோதரியிடம் அவரை அழைத்துச் சென்றேன். சகோதரி குளிசைகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எனக்கும் சொல்ல ஏலாது சுவாமி. வெள்ளைக் குளிசை எல்லாம் வெள்ளைக் குளிசைதான். நான் ஊகிச்சுச் சொல்லி, அது பிழைச்சால் ஆர் பொறுப்பு?” என்றார். பையை அப்படியே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைக்கச் சொன்னார். அந்தத் தாயை அன்றே கிளினிக்குக்கு அனுப்பிப் புதிதாக மருந்து எடுக்க வைத்தார். இரண்டு நாட்களாக அவர் பிறசர் மருந்தே எடுக்கவில்லை என்பது அங்கேதான் தெரியவந்தது.

படித்த தாதி ஒருவர் “தெரியாது” என்று துணிந்து சொன்னது என் மனதில் நின்றுவிட்டது. தாதியர் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மருந்தியலில் முதன்முதலில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று அவரிடம் கேட்டேன். “ஐந்து சரி” என்றார். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தையும் பார்க்காமல் ஒரு தாதி ஒரு குளிசையைக்கூட நோயாளியின் கையில் வைக்கமாட்டார்.

ஆஸ்பத்திரியில் இந்த ஐந்தையும் பார்க்கத் தாதி இருக்கின்றார். முகாமிலும் உறவினர் வீட்டிலும் தற்காலிகக் கொட்டிலிலும் யார் பார்ப்பது? அம்மாதான், அக்காதான், பேத்திதான் பார்க்கவேண்டும். ஆகவே தாதி மாணவியின் முதற் பாடம் இடம்பெயர்ந்த ஒவ்வொரு குடும்பத்திற்கும் உரிய பாடமாகின்றது.

வயலுக்கும் மருந்து, உடலுக்கும் மருந்து

இந்தப் பாடத்தின் பாதியை எமது கமக்காரர் ஏற்கெனவே அறிவார்கள். மிளகாய்க்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம், காய்ச்சலுக்குக் குடிப்பதையும் மருந்து என்கிறோம். மிளகாய்க் கன்றுக்கு அளவு குறைத்து மருந்தடித்தால் பூச்சி சாகாது. அளவு கூட்டி அடித்தால் இலை கருகிவிடும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சில போகங்களில் பூச்சி அதற்குப் பழகிவிடும். உடலுக்குக் கொடுக்கும் மருந்திலும் இதே மூன்று ஆபத்துக்கள் உண்டு.

16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பரசெல்சஸ் என்ற சுவிஸ் வைத்தியர், மருந்தையும் நஞ்சையும் பிரிப்பது அளவு ஒன்றுதான் என்று போதித்தார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எமது முன்னோர் சொல்லியிருப்பதும் அதையே.

குளிசை போகும் பாதை

விழுங்கிய குளிசை இரைப்பையில் கரைந்து, பெரும்பாலும் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, முதலில் ஈரலுக்குப் போகின்றது. ஈரல் ஒரு பகுதியை மாற்றியமைத்துவிடுகின்றது. மீதி இரத்தத்தோடு உடலெங்கும் ஓடுகின்றது. பின்னர் ஈரலும் சிறுநீரகமும் சேர்ந்து அதை வெளியேற்றுகின்றன.

குளத்திலிருந்து வாய்க்காலில் திறந்துவிட்ட தண்ணீர் வாடிய பயிருக்கு மட்டும் போவதில்லை. புல்லுக்கும் போகும், வரம்பையும் நனைக்கும். அதுபோலவே தலையிடிக்குப் போட்ட குளிசை தலைக்கு மட்டும் போவதில்லை. இரைப்பைக்கும் சிறுநீரகத்திற்கும் போகின்றது. கர்ப்பிணி குடித்தால் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் போகக்கூடும். பக்க விளைவு என்பது இதுதான்.

வெளியேறும் வேகம் மருந்துக்கு மருந்து வேறுபடும். பரசிற்றமோல் 2 அல்லது 3 மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பிறசருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் பாதியாகக் குறைய 30 முதல் 50 மணித்தியாலம் செல்லும். அதனால்தான் ஒன்றை நாளுக்குப் பலமுறையும் மற்றதை ஒருமுறையும் எடுக்கச் சொல்கின்றார்கள். “நாளுக்கு 3” என்று துண்டில் இருந்தால், நினைத்த நேரத்தில் மூன்று குளிசை என்பது அதன் கருத்தல்ல. மருந்து உடலில் வற்றிப்போகுமுன் அடுத்த முறை பாய்ச்சவேண்டும் என்பதே கருத்து.

1. சரியான ஆள்

“எனக்கு இதைப் போட்டுத்தான் சுகம் வந்தது, நீயும் போட்டுப் பார்” என்று கொடுப்பது எம்மவரிடம் உள்ள நல்ல மனதின் அடையாளம். 1990களில் வடக்கிற்குப் பொருளாதாரத் தடை இருந்தபோதும், 2022இல் நாடு முழுவதும் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோதும், இருந்ததைப் பகிர்ந்துகொண்டுதான் எம்மக்கள் சமாளித்தார்கள். ஆயினும் அரிசியைப் பகிர்வதுபோல மருந்தைப் பகிர முடியாது.

எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்களைப் பறித்தது. சேற்றில் இறங்கும் கமக்காரருக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் என்ற மருந்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் இலவசமாகப் பெறலாம். வயலுக்குப் போகும் கணவருக்கு அது காவல். அதே குளிசையைக் கர்ப்பிணியான மனைவி எடுக்கக்கூடாது. சிறு பிள்ளைகளுக்கும் அதை முற்காப்பாகக் கொடுப்பதில்லை. வளரும் பற்களை அது நிறம் மாற்றிவிடும். மருந்து ஒன்றுதான், ஆள்தான் வேறு.

2. சரியான மருந்து

ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று அதன் சொந்தப் பெயர். மற்றது கம்பனி வைத்த வியாபாரப் பெயர். பரசிற்றமோல் என்பது சொந்தப் பெயர். பனடோல் என்பது அதன் வியாபாரப் பெயர்களுள் ஒன்று. இது தெரியாதவர் ஆஸ்பத்திரியில் தந்த பரசிற்றமோலையும் கடையில் வாங்கிய பனடோலையும் இரண்டு வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்து விழுங்குகின்றார். தடிமனுக்கென்று விற்கப்படும் பல குளிசைகளுக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கின்றது. மூன்றும் சேர்ந்தால் அளவு மூன்று மடங்காகிவிடும்.

இந்தப் பெயர் விடயத்தில் எமது நாடு ஒரு பெரிய மனிதருக்குக் கடமைப்பட்டிருக்கின்றது. அவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1920இல் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியல் பேராசிரியர். ஏழைகளுக்குத் தேவையான மருந்துகள் எவை என்று தெரிந்தெடுத்து, அவற்றைச் சொந்தப் பெயரில் மலிவாக வாங்கி வழங்கவேண்டும் என்று வாதாடினார். அதற்காக 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராகவும் இருந்தார். 1977இல் ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்காகக் கயானா நாட்டில் இருந்தபோது காலமானார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டதும் அதே 1977ஆம் ஆண்டில்தான்.

ஆகவே மருந்து வாங்கும்போது, “இதன் சொந்தப் பெயர் என்ன?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

3. சரியான அளவு

பரசிற்றமோல் குளிசை ஒன்று 500 மில்லிகிராம். வளர்ந்த ஒருவர் ஒருமுறைக்கு 2 குளிசை, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். ஒரு நாளுக்கு 8 குளிசைக்கு மேல் கூடவே கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்த மெலிந்த உடம்பினரும், ஈரல் நோய் உள்ளவர்களும், வழக்கமாக மது அருந்துபவர்களும் இதிலும் குறைவாகவே எடுக்கவேண்டும். எவ்வளவு என்பதை வைத்தியரிடம் கேளுங்கள்.

பிள்ளைக்கு அளவு வயதைப் பார்த்தல்ல, நிறையைப் பார்த்தே கணிக்கப்படும். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது ஒருமுறைக்குரிய மேல் எல்லை. 10 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியானால் ஏறக்குறைய 6 மில்லிலீற்றர் வரும். வேறு செறிவுள்ள பாணிகளும் உண்டு. ஆதலால் போத்தலில் எழுதியிருப்பதைப் பார்த்தே அளக்கவேண்டும். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் மற்றது இருப்பதில்லை. பாணியோடு வரும் அளவுக் கரண்டியை அல்லது ஊசியில்லாத சிறிஞ்சைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிராமல் உடனே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

அளவு மீறிய பரசிற்றமோல் ஈரலை அழிக்கும். ஆனால் முதல் நாள் ஆள் நன்றாகவே இருப்பார். “ஒன்றும் செய்யவில்லைத்தானே” என்று இருந்துவிடலாகாது. மாற்று மருந்து உண்டு. அது முதல் 8 மணித்தியாலத்துக்குள் கொடுக்கப்பட்டால் மிக நன்றாக வேலை செய்யும். அப்படி ஏதும் நடந்தால் காரணம் கேட்டு ஏசிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். வெறும் குளிசை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.

இன்னுமொன்று. டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலுக்கு அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனக், மெபனமிக் அசிற் ஆகியவற்றைக் கொடுக்கவேண்டாம். அவை இரத்தப் பெருக்கை உண்டாக்கக்கூடும். நாள் முழுவதும் வெயிலில் நின்று, தண்ணீர் போதாமல் குடித்து, இரவில் நாரி நோவுக்கு டைக்குளோபெனக் போடும் பழக்கமும் கமக்காரரிடையே உண்டு. உடல் வற்றியிருக்கும்போது இந்த வகைக் குளிசைகள் சிறுநீரகத்தைத் தாக்கும். நாரி நோவுக்குத் தினமும் குளிசை தேவைப்படுகின்றது என்றால், அது வைத்தியரிடம் காட்டவேண்டிய நோவு.

4. சரியான வழி

“ஊசி போட்டால்தான் மாறும்” என்று எம்மவரிற் பலர் நம்புகின்றனர். ஊசி மருந்து விரைவாக இரத்தத்தில் சேரும் என்பது உண்மை. ஆனால் பிழைத்துப்போனாலும் அது விரைவாகவே பிழைக்கும். உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியாது. குடிக்கக்கூடிய நோயாளிக்குக் குளிசை போதுமான இடத்தில் ஊசி தேவையில்லை. இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து நேராக நெஞ்சறைக்குப் போவதால் சிறிய அளவே போதும். அதைப் பாவித்தால் பழகிவிடும் என்ற பயம் வீணானது.

5. சரியான நேரம்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. விருந்துக்கு அது பொருந்தும். மருந்துக்கு எப்போதும் பொருந்தாது. பிறசருக்கும் நீரிழிவுக்கும் கொடுக்கும் மருந்து நோயை வேரோடு பிடுங்குவதில்லை, கட்டி வைத்திருக்கின்றது. கட்டை அவிழ்த்தால் மாடு பயிருக்குள் இறங்கும். சுகமாயிருக்கின்றது என்று நிறுத்தியவர்கள் பாரிசவாதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவதை நாம் காண்கின்றோம். காசநோய்க்கு வழமையாக 6 மாதம் மருந்து எடுக்கவேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், கிருமி நின்றுவிடாது.

பென்சிலினை 1928இல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு ஏற்றபோது ஆற்றிய உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார். போதாத அளவில் மருந்தை எடுத்தால் கிருமிகள் சாகாமல் அந்த மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்றார். மிளகாய்த் தோட்டத்துப் பூச்சியின் கதைதான் இதுவும். அமொக்சிசிலின் போன்ற நுண்ணுயிர் எதிரிகள் தடிமனையோ டெங்கையோ மாற்றா. அவற்றைக் கடையில் நாலு குளிசை, ஐந்து குளிசை என்று வாங்கிப் போடுவதும், மிஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கு வைப்பதும், பயிரில்லாத காணியில் மருந்தடிப்பது போன்றது. வைத்தியர் சொன்ன நாட்கள் முடியுமுன் நிறுத்த நினைத்தால் அவரையே கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு சொல். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணீரோடு எடுக்கவேண்டாம். தேயிலையிலுள்ள சத்து இரும்பைக் கட்டிப் பிடித்துக் குடலில் உறிஞ்சவிடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நன்றாகச் சேரும். கல்சியம் குளிசையை வேறு நேரத்தில் எடுங்கள்.

முகாமிலே கிடைத்த ஒரு பாடம்

இவ்வளவும் படித்தவர்களின் வேலை, எங்களால் முடியுமா என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு ஓர் உண்மை வரலாறு.

1971இல் பங்களாதேஷ் போரின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து இந்தியாவின் மேற்கு வங்காளத்துக்கு ஓடிவந்தார்கள். எல்லையோரப் பட்டணமான பங்காவோனில் அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. ஆஸ்பத்திரித் தரையெங்கும் நோயாளர்கள். ஏற்றுவதற்கு இருந்த சேலைன் தீர்ந்துகொண்டு வந்தது. அங்கே பணிக்குச் சென்ற டொக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பு, குளுக்கோசு, அப்பச்சோடா ஆகியவற்றை அளந்து தண்ணீரில் கரைத்து வாயால் குடிக்கக் கொடுக்கத் துணிந்தார். கொடுத்தவர்கள் யார்? தாதியர் போதாததால் நோயாளிகளின் தாய்மாரும் சகோதரரும் உறவினருமே கிண்ணத்தில் எடுத்துப் பருக்கினார்கள். முன்னர் நூற்றுக்கு 30 பேர்வரை இறந்த இடத்தில், அவரது பராமரிப்பில் இருந்தவர்களில் இறந்தோர் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. இம்மனிதர் 2022இல் காலமானார்.

நாம் ஜீவனி என்று கரைத்துக் கொடுப்பது அந்தக் கரைசலின் வழி வந்ததே. வயிற்றோட்டத்தின்போது குடற்சுவர் தனி உப்பை இலகுவில் ஏற்காது. சீனிச்சத்து உப்பைக் கையில் பிடித்து உள்ளே அழைத்துச் செல்கின்றது. அவற்றின் பின்னால் தண்ணீரும் போகின்றது. இதிலும் அளவுதான் உயிர். சீனி கூடினால் வயிற்றோட்டம் கூடும். உப்புக் கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. பைக்கற்றில் 1 லீற்றர் என்று இருந்தால் கொதித்தாறிய தண்ணீர் சரியாக 1 லீற்றரில் முழுப் பைக்கற்றையும் கரையுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். பைக்கற் கிடைக்காவிட்டால் 1 லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போனபின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை, கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். கண் உள்வாங்கினால், சலம் போகாவிட்டால், பிள்ளை சோர்ந்து தூங்கி விழுந்தால், மலத்தில் இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அகதிகளின் கையாலேயே அந்தப் பெரிய வைத்தியம் நடந்தது. அவர்களிடம் பட்டம் இருக்கவில்லை. சரியான அளவும், அருகில் இருக்கும் பொறுமையும் இருந்தன.

இன்றே செய்யக்கூடியவை

ஒரு சிறு கொப்பி எடுங்கள். வீட்டில் மருந்து எடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயர், வயது, நிறை, வருத்தம், மருந்தின் சொந்தப் பெயர், மில்லிகிராம், எத்தனை முறை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, ஒவ்வாத மருந்து என்ன என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். கிளினிக் கொப்பியையும் இதையும் அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

உறையை விட்டுக் குளிசையை வெளியே எடுத்து வைக்கவேண்டாம். இரண்டு மருந்தை ஒரே போத்தலில் போடவேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே சூட்டில் வைக்கவேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை நீர் புகாதபடி மூடி, ஈர மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். வயல் மருந்தையும் வீட்டு மருந்தையும் ஒரே தட்டில் வைக்கவே வேண்டாம். வயல் மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது பிள்ளைக்கு வைக்கும் கண்ணி. நாட்டு வைத்தியரிடம் எடுக்கும் மருந்தையும் டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதுவும் அதே ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும்தான் போகின்றது.

நிலத்திலிருந்து மருந்துகளை உண்டாக்கியவர் ஆண்டவரே, அறிவுள்ளவன் அவற்றை வெறுக்கமாட்டான் என்ற கருத்தைச் சீராக் நூலின் 38ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். திருவள்ளுவரும் மருந்து என்ற அதிகாரத்தை முடிக்கும்போது வைத்தியத்துக்கு நான்கு பங்குகள் சொல்கின்றார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து மருந்தைக் கொடுப்பவர். வீட்டையும் காணியையும் விட்டு வந்த எம்மவர்க்கு முதல் மூன்றும் எப்போதும் எம் கையில் இல்லை. வைத்தியர் தூரத்தில் இருக்கலாம், மருந்து வராமற் போகலாம். நான்காவது பங்கு எம்முடையது. அதை எம்மிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

அந்தத் தாயை அண்மையில் மீண்டும் கண்டேன். பேத்தியின் பழைய கணக்குக் கொப்பியொன்றைக் காட்டினார். முதற் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: “அம்மம்மா. அம்லோடிபின் 5 மில்லிகிராம். காலையில் 1.”